நான்கு மொழியில் எழுதியவன்

அத்தியாயம் 6

“ஓடிப் போறவன் சேட் அயன் பண்ணுவானோ, கிருபன்?”

ஆரணியக்கா இப்படிக் கேட்டபோது நான் ஒரு கட்டிலுக்கு அடியில் தலையை விட்டுத் தும்மிக்கொண்டிருந்தேன். துப்பறிவாளரின் உதவியாளன் என்றால் மழைக்கோட்டும் மர்மமான பெண்களும் என்று நம்பி இந்த வேலைக்கு வந்தவன் நான். இரண்டு வருடத்தில் எனக்குக் கிடைத்த ஒரே சொத்து தூசி அலர்ஜி.

“அயன் பண்ணிப்போட்டு ஓடுறவனும் இருப்பான், அக்கா. மரியாதையான குடும்பத்துப் பெடியனாயிருக்கும்.”

“தும்மாமல் பகிடி விடும்.”

புதன்கிழமை காலை ஒன்பது மணி. ஜேர்மனியில் கெல்சென்கிர்ச்சன் நகரத்தின் ஓரத்தில், அகதிகள் தங்கும் விடுதி ஒன்றின் இரண்டாம் மாடியில் நின்றோம். இந்த அறையில் இருந்த நிலக்சன், வயது இருபத்தேழு, திங்கட்கிழமை காலை வெளியே போனவன் திரும்பி வரவில்லை. போன் நிறுத்தப்பட்டிருந்தது. அவனுடைய அகதி விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டு நான்கு கிழமை ஆகிறது. ‘இனி இவனை இலங்கைக்கு ஏற்றி அனுப்பப் பொலிஸ் தேடும், அதற்கு முன் நீங்கள் கண்டுபிடித்துத் தாருங்கள்’ என்று அவனுடைய அக்கா சுபானி முதல்நாள் மாலை எங்கள் அலுவலகத்தில் வந்து அழுதிருந்தார். பொலிசிடம் போக அவருக்குப் பயம். ஆகவே எங்களிடம் வந்தார்.

ஆரணியக்காவைப் பற்றி இரண்டு வரி. பதினைந்து வருடம் நீதிமன்றங்களில் சத்தியப்பிரமாணம் செய்த மொழிபெயர்ப்பாளராக இருந்தவர். மற்றவர்களுடைய பொய்களை ஜேர்மன் மொழியில் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய், அவற்றைக் கண்டுபிடிக்கவாவது செய்வோம் என்று துப்பறிய வந்தவர். என்னைப் பற்றி ஒரு வரி போதும். கார்ல்ஸ்ரூஹேயில் ஒரு கம்பனியில் மென்பொருள் எழுதிக்கொண்டிருந்தேன், கம்பனி என்னை வீட்டுக்கு அனுப்பியது.

எதிர்க் கட்டிலில், அதே அறையில் தங்கியிருந்த ராசன் அண்ணை உட்கார்ந்திருந்தார். பேக்கரியில் இரவு வேலை முடித்து வந்த மனிதர், எங்களைத் திட்டவும் களைத்துப்போய் இருந்தார்.

“வெள்ளைச் சேட்தான் போட்டவன்,” என்றார் அவர். “என்ர அயனை வாங்கித்தான் அயன் பண்ணினவன். தோளில ஒரு சின்ன பாக், கையில பைல். ஒரு வார்த்தை சொல்லேல்லை, பிள்ளை. நான் அரை நித்திரை.”

“கடிதம் வந்தது பற்றி உங்களிட்டக் கதைச்சவனோ?” என்று அக்கா கேட்டார்.

“என்னட்டக் கதைச்சு? எனக்கும் ஜேர்மன் கடிதம் வாசிக்க ஏலாது. அவன் நாள் முழுக்கப் போனை நோண்டிக்கொண்டு இருப்பான். அதுதான் தெரியும்.”

அந்த நேரத்தில் கட்டிலுக்கு அடியிலிருந்த சப்பாத்துப் பெட்டிக்குள் எனக்கு ஒரு கடதாசித் துண்டு அகப்பட்டது. நீலப் பேனையில் ‘ப்ரூக்கன்போஸ்ட்’ என்று தலைப்பு. கீழே ஏழு எண்கள், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் திகதி. முதல் திகதி நிராகரிப்புக் கடிதம் வந்த மறுநாள். கடைசித் திகதி போன ஞாயிற்றுக்கிழமை.

ப்ரூக்கன்போஸ்ட் எங்கள் நகரத்தில் உள்ள ஒரு இணைய ஆலோசனை நிலையம். பெயர் சொல்லத் தேவையில்லை, எந்த மொழியிலும் எழுதலாம். எழுதுகிற ஒவ்வொரு முறையும் ஒரு எண் தருவார்கள். பிறகு அந்த எண்ணைப் போட்டால் பதிலைப் பார்க்கலாம். நான் போனை எடுத்து முதல் எண்ணைப் போட்டேன். பதில் வந்தது. அதில் ஒரு சொல்கூட எனக்கு விளங்கவில்லை.

“என்ன பாஷை உது?” அக்கா எட்டிப் பார்த்தார்.

மொழிபெயர்ப்பில் போட்டேன். இந்தோனேசிய மொழி. ‘உங்கள் செய்தி கிடைத்தது, உங்கள் மொழியிலேயே பதில் தருவோம், தயவுசெய்து பொறுத்திருங்கள்.’ அடுத்த எண்ணும் இந்தோனேசியம். மூன்றாவது ஃபின்லாந்து மொழி. பிறகு சுவாஹிலி. பிறகு மீண்டும் ஃபின்லாந்து, எஸ்தோனியா, இந்தோனேசியா. எனக்குத் தலை சுற்றியது.

“விளங்கிட்டுது, அக்கா! இந்தோனேசியாவில இருந்துதானே முந்தி எங்கட சனம் அவுஸ்திரேலியாவுக்குக் கப்பல் ஏறினது. பெடியன் ரூட் போட்டிட்டான்.”

“அப்ப ஃபின்லாந்தில இருந்து எங்க கப்பல் ஏறுறது?”

“வடதுருவத்துக்கு.”

“கள்ளப் பாஸ்போட் ஆக்களோட சேர்ந்திட்டானோ தெரியேல்லை,” என்று ராசன் அண்ணை மெல்லச் சொன்னார். “ஐயோ, நல்ல பெடியன்.”

அக்கா துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “யாழ்ப்பாணத்தில இருந்து வந்து ரெண்டு வருசம். ஜேர்மன் கடிதத்தை வாசிக்க ஏலாது. அவன் எந்த இழவுக்கு எஸ்தோனிய பாஷையில ஆலோசனை கேக்கிறான்? வாரும், போய்க் கேப்பம்.”

ப்ரூக்கன்போஸ்ட் அலுவலகம் பழைய தபாற்கந்தோர் ஒன்றின் முதல் மாடியில் இருந்தது. லிண்டமன் என்ற அம்மையார் எங்களை வரவேற்றார். அன்பான மனிதர். நாங்கள் உட்காருவதற்கு முன்பே பிஸ்கட் வந்துவிட்டது. அப்போது மணி பத்தரை.

“தமிழா?” என்று அவர் ஜேர்மனில் வருத்தப்பட்டார். “தமிழில் எங்களுக்கு ஒரு செய்திகூட வந்ததில்லை. வந்தால் உடனே தெரியும். எழுபத்தைந்து மொழிகளைக் கண்டுபிடிக்கும் மென்பொருள் இருக்கிறது, அதுவே மொழியைப் பார்த்து அந்தந்த மொழிபெயர்ப்பாளருக்கு அனுப்பிவிடும். எங்களிடம் ஒரு தமிழ் மொழிபெயர்ப்பாளரும் இருக்கிறார். மாதம் ஒருமுறை போன் எடுத்து வேலை இருக்கிறதா என்று கேட்பார். நான் இல்லை என்பேன். பாவமாக இருக்கும்.”

அக்கா துண்டை நீட்டினார். எண் வைத்திருப்பவர் செய்தியைப் பார்க்கலாம் என்பது அவர்களுடைய விதி. அம்மையார் ஏழையும் தட்டினார்.

“ஆனால் இவர்கள் வெவ்வேறு ஆட்கள். இவர் இந்தோனேசியர். இவர் ஃபின்லாந்துக்காரர். இவர் சுவாஹிலி பேசுபவர்...”

“ஒருத்தருக்காவது பதில் போயிருக்கா?” என்று அக்கா கேட்டார்.

“கொஞ்சம் சிக்கல்தான்,” என்றார் அம்மையார். “இந்தோனேசிய மொழிபெயர்ப்பாளர் ‘இது என் மொழி இல்லை’ என்று திருப்பி அனுப்பியிருக்கிறார். மென்பொருள் அதை இந்தோனேசியம் என்று மறுபடி அவருக்கே அனுப்பியிருக்கிறது. நான்கு தடவை. ஃபின்லாந்து மொழிக்கு ஓய்வுபெற்ற ஒரு ஆசிரியை இருக்கிறார். அவர் ‘பழைய நாட்டுப்புறக் கவிதை போல இருக்கிறது, ஓசை அழகு, பொருள் தெரியவில்லை’ என்று எழுதியிருக்கிறார்.”

எனக்குச் சிரிப்பு வந்தது. பிஸ்கட் வாயோடு எழும்பிப் போய்த் திரையைப் பார்த்தேன். ஃபின்லாந்துக் கவிதை எப்படியிருக்கும் என்று பார்க்கும் ஆசை. ஆனால் திரையில் நின்றது, இந்தோனேசியம் என்று சொல்லப்பட்ட முதலாவது செய்தி.

*vanakkam. enakku oru kaditham vanthirukku. rendu kilamaikkulla pathil podonum endu irukku. yaarukku eluthirathu endu theriyela. uthavi seiveengala.*

முதலில் கண்ணால் வாசித்தேன். பிறகு வாய்விட்டு வாசித்தேன். வணக்கம், எனக்கு ஒரு கடிதம் வந்திருக்கு, ரெண்டு கிழமைக்குள்ள பதில் போடோணும் எண்டு இருக்கு. மீதிப் பிஸ்கட்டை மேசையில் வைத்துவிட்டேன்.

“கடவுளே,” என்றார் ஆரணியக்கா. “கிருபன், உது எங்கட தமிழ்.”

அம்மையார் எங்களை மாறி மாறிப் பார்த்தார். “ஆனால் இவை தமிழ் எழுத்துக்கள் இல்லையே?”

போனில் யார் தமிழ் எழுத்தில் தட்டுகிறார்கள்? எங்கள் ஆட்கள் கலியாண வாழ்த்தையும் செத்தவீட்டுச் செய்தியையும் இங்கிலீஷ் எழுத்திலேயே தட்டி அனுப்புகிறவர்கள். நிலக்சனும் அப்படித்தான் தட்டியிருக்கிறான். தமிழில்தான் எழுதினோம், தமிழில் பதில் வரும் என்று நம்பியிருக்கிறான்.

அம்மையார் ஏழையும் திகதிப்படி அடுக்கினார். அக்கா வாசித்தார். நீதிமன்றத்தில் வாசிப்பதுபோல, குரலில் எதையும் காட்டாமல்.

இரண்டாவதில், முதல் செய்தி பிழையான இடத்துக்குப் போய்விட்டதோ என்று மன்னிப்புக் கேட்டிருந்தான். மூன்றாவதில், கடிதத்தில் இருந்த திகதிகளையும் எண்களையும் தட்டி, இவை என்ன என்று கேட்டிருந்தான். நான்காவது இது: “பதில் வந்தது. வாசிக்க ஏலாமல் இருக்கு. ஜேர்மனும் இல்லை, இங்கிலீசும் இல்லை. கோவிக்காதேங்கோ. தமிழில சொல்லுவீங்களோ?” ஐந்தாவதில், நிராகரிப்பை எதிர்த்து நீதிமன்றத்துக்கு எழுதலாம் என்று யாரோ சொன்னார்கள், அது உண்மையா என்று கேட்டிருந்தான். ஆறாவது ஒரே வரி. “இண்டைக்குத்தான் கடைசி நாள்.”

“ஏழாவது?” என்று கேட்டேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

“ஞாயிற்றுக்கிழமை,” என்றார் அக்கா. “‘நாளைக்கு ஒன்பது மணிக்கு வெளிநாட்டவர் அலுவலகத்துக்கு வரச் சொல்லி டெர்மின் தந்திருக்கினம். போகாட்டி ஒளிச்சிட்டான் எண்டு சொல்லுவினம். நான் ஒளிக்க மாட்டன், போறன். அக்காவுக்கு இதைச் சொல்லேல்லை. அவ பாவம். அழுவா.’”

நாங்கள் பொலிசுக்கு முன் ஓடி ஒருவனைப் பிடிக்க வெளிக்கிட்டவர்கள். அவனோ வெள்ளைச் சேட்டை அயன் பண்ணி, பைலையும் தூக்கிக்கொண்டு, சொன்ன நேரத்துக்கு அவர்களுடைய கதவையே போய்த் தட்டியிருக்கிறான். எங்கள் ஆட்களில் அரசாங்கக் கந்தோருக்குப் போக வெள்ளைச் சேட் போடாதவன் யார்? காலையிலேயே எனக்கு அது உறைத்திருக்க வேண்டும். நான் வடதுருவத்துக்குக் கப்பல் விட்டுக்கொண்டிருந்தேன், விசரன்.

அக்கா லோயர் மிதுசாவுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் விட்டு, நடந்ததைச் சொன்னார். டூயிஸ்பேர்கில் பிறந்து வளர்ந்த பிள்ளை, அவளுடைய தமிழ் மூச்சு வாங்கும்.

“திங்களே அரெஸ்ட் பண்ணியிருப்பினம், அக்கா,” என்றாள் மிதுசா. “ஃபிளைட் எப்ப எண்டு சொல்ல மாட்டினம். ஒரு வழிதான். தவணைக்குள்ள இவர் உதவி கேட்டவர், பதில் வராதது இவற்ற பிழை இல்லை எண்டு காட்டி, கோர்ட்டுக்கு அவசர அன்ட்ராக் எண்டு ஒரு விண்ணப்பம் போடுறது. இருபது வீதம் சான்ஸ். இல்லை, பதினைஞ்சு எண்டு வையுங்கோ. ஏழு மெசேஜும் சத்தியம் செய்த மொழிபெயர்ப்போட வேணும்.”

“ஒரு மணித்தியாலத்தில தாறன். முத்திரை பைக்குள்ள கிடக்கு.”

“இன்னொண்டு. அந்த மெஷின் ஏன் பிழையா மொழி சொன்னது எண்டு விளக்கம் வேணும். விசயம் தெரிஞ்ச ஆள் எழுதிக் கையெழுத்துப் போடோணும். நாளைக்கு எண்டால் சரிவராது, இண்டைக்கே வேணும்.”

“கிருபன் எழுதுவார். உந்தக் கொம்பியூட்டர்ப் பெட்டிகளோட படுத்து எழும்பினவர்,” என்றார் அக்கா.

அம்மையார் எனக்கு மென்பொருளின் அமைப்புப் பக்கத்தைத் திறந்து தந்தார். மொழி கண்டுபிடிக்கும் இப்படியான மென்பொருட்கள் வேலை செய்யும் விதம் எனக்கு அத்துப்படி. தமிழ் எழுத்தைக் கண்டால் அதற்கு யோசனையே தேவையில்லை, அந்த எழுத்தை வேறு எந்த மொழியும் பாவிப்பதில்லை. இங்கிலீஷ் எழுத்து என்றால் எழுத்துக்களை மும்மூன்றாக நறுக்கி, தனக்குத் தெரிந்த மொழிகளில் எதற்குக் கிட்டவருகிறது என்று பார்க்கும். இங்கிலீஷ் எழுத்தில் தமிழ் என்று ஒன்று இருப்பதே அதற்குத் தெரியாது. உள்ளதில் கிட்டியதைச் சொல்லிவிடும்.

“தெரியாது எண்டு சொல்லாதோ?” அக்கா மொழிபெயர்ப்பிலிருந்து தலை தூக்காமல் கேட்டார்.

“சொல்லும். இத்தனை வீதத்துக்குக் குறைவான நிச்சயம் எண்டால் தெரியாது எண்டு சொல்லு எண்டு ஒரு அளவு வைக்கலாம். இதில அதைப் பூச்சியமா வைச்சிருக்கு. எந்த மாடு...”

சொல்லிக்கொண்டே சோதனைக் கோப்பைத் திறந்தேன். எழுதியவர்கள் ஒவ்வொரு மொழிக்கும் ஒரு மாதிரி வசனம் போட்டு, சரியாகக் கண்டுபிடிக்கிறதா என்று பார்த்திருப்பார்கள். தமிழுக்கு நேரே இருந்தது, அழகான தமிழ் எழுத்தில்:

‘என் பெயர் கிருபன். இன்று வெள்ளிக்கிழமை. எனக்குப் பசிக்கிறது.’

அந்த வெள்ளிக்கிழமை எனக்கு நல்ல ஞாபகம். கார்ல்ஸ்ரூஹேயில் ஏதோ கடையொன்றின் வாடிக்கையாளர் முறைப்பாடுகளை மொழிவாரியாகப் பிரிக்கவென்று நான் செய்த மென்பொருள் இது. பட்டியலில் தமிழ் இல்லை என்று எனக்கு ரோசம் வந்தது. நானே சேர்த்தேன், நானே சோதித்தேன், நூற்றுக்கு நூறு சரி என்று கம்பனி முழுக்கக் காட்டித் திரிந்தேன். அறிக்கையில் ‘தெரியாது’ என்று வந்தால் வாங்குகிறவன் முகம் சுழிப்பான் என்று மேலாளர் சொன்னதும், மறுபேச்சில்லாமல் அந்த அளவைப் பூச்சியமாக்கியதும் இதே கைதான். பிறகு கம்பனி அதை யார் யாருக்கு விற்றதோ, எனக்குத் தெரியாது. அன்று மத்தியானம் அம்மாவுக்கு ‘saapiten’ என்று இங்கிலீஷ் எழுத்தில்தான் தட்டி அனுப்பியிருப்பேன். பெட்டிக்கு மட்டும் பாடப்புத்தகத் தமிழ் காட்டினேன்.

“என்ன, பேயடிச்ச மாதிரி நிக்கிறீர்?”

“இது நான் செய்தது, அக்கா.”

அவர் முதலில் பகிடி என்று நினைத்தார். என் முகத்தைப் பார்த்தபின் எழும்பி வந்து திரையை வாசித்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், திட்டினால் நல்லாயிருந்திருக்கும்.

“எழுதும்,” என்றார். “பிறகு அழலாம். எல்லாத்தையும் எழுதும், ஒளிக்காமல். அதுதான் அவனுக்கு இப்ப உதவும்.”

எழுதினேன். ஒரு பக்கம், ஜேர்மனில். எப்படிச் செய்தேன், எதைச் சோதிக்காமல் விட்டேன், ஏன் அதன் வாயை அடைத்தேன் என்று வரிவரியாக எழுதிக் கையெழுத்துப் போட்டேன். என் வாழ்க்கையில் நான் எழுதிய ஒரே நேர்மையான தொழில்நுட்ப அறிக்கை அது. பன்னிரண்டு இருபதுக்கு அம்மையார் எல்லாவற்றையும் ஃபாக்ஸில் மிதுசாவுக்கு விட்டார். அடுத்த முக்கால் மணித்தியாலமும் நான் மனதுக்குள் ‘பதினைந்து வீதம், பதினைந்து வீதம்’ என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அது கூடிய தொகை என்றுகூட ஒரு கட்டத்தில் தோன்றியது.

ஒன்று ஐந்துக்குப் போன் வந்தது.

“அக்கா,” என்றாள் மிதுசா. பிறகு தமிழை விட்டு ஜேர்மனில் சொன்னாள். நீதிமன்றம் விண்ணப்பத்தை எடுத்துக்கொண்டு வெளிநாட்டவர் அலுவலகத்துக்குப் போன் செய்திருக்கிறது. நிலக்சனைத் திங்கட்கிழமை டெர்மினில் வைத்துக் கைதுசெய்தார்களாம். இன்று காலை விமானத்தில் ஏற்றிவிட்டார்களாம்.

“எத்தினை மணிக்கு?” அக்கா கேட்டார்.

“பத்து இருபது.”

நாங்கள் லிண்டமன் அம்மையாரின் கதவைத் தட்டுவதற்குப் பத்து நிமிடம் முன்பு. நான் பிஸ்கட் கடித்தபோது அவன் மேலே இருந்திருக்கிறான். முதல் செய்தியை நாங்கள் வாசிக்கத் தொடங்கும்போதே எல்லாம் முடிந்துபோயிருக்கிறது.

“அங்க இருந்தும் வழக்கு நடத்தலாம்,” என்றாள் மிதுசா. “ரெண்டு வருசம் எடுக்கும். நான் இதுவரைக்கும் அப்பிடித் திரும்பி வந்த ஆளைக் காணேல்லை. பொய் சொல்ல விருப்பமில்லை, அக்கா.”

சுபானி வேலை செய்யும் முதியோர் இல்லம் அங்கிருந்து பதினைந்து நிமிடம். வழியில் அக்கா, தானே சொல்வதாகச் சொன்னார். நான் வேண்டாம் என்றேன். பின்வாசலில் குப்பைத் தொட்டிகளுக்குப் பக்கத்தில், நீலச் சீருடையோடு, கையுறையைக்கூடக் கழற்றாமல் சுபானி ஓடி வந்தார்.

“கண்டுபிடிச்சிட்டீங்களோ, தம்பி? எங்க நிக்கிறான்?”

சொன்னேன். ஒளிக்கவில்லை, டெர்மினுக்குப் போனார், இன்று காலை ஏற்றிவிட்டார்கள் என்று. இந்நேரம் பாதித் தூரம் போயிருப்பார் என்றும் சொன்னேன், அது ஏன் வாயில் வந்தது என்று தெரியவில்லை. சுபானி சுவரைப் பிடித்துக்கொண்டார். ஆரணியக்கா தோளைப் பிடிக்கப் போனார், அவர் விடவில்லை.

“உதவி கேட்டு எழுதினவர், சுபானியக்கா,” என்றேன். “ப்ரூக்கன்போஸ்டுக்கு. தமிழிலதான் எழுதினவர். மெஷின் வேற பாஷை எண்டு நினைச்சு ஒருத்தருக்கும் குடுக்கேல்லை. அந்த மெஷினைச் செய்தது நான்.”

அடி விழும் என்று நின்றேன். விழவில்லை. நான் சொன்ன கடைசி வசனம் அவருக்குக் கேட்டதாகவே தெரியவில்லை.

“எத்தினை தரம் எழுதினவன்?”

“ஏழு தரம்.”

“ஏழு தரமோ?” சுபானி கையுறையை மெல்ல மெல்லக் கழற்றினார். “எனக்கு ஒருக்காத்தான் போன் எடுத்தவன். கடிதம் வந்த அண்டைக்கு. நான் டூட்டியில நிண்டனான். எல்லாத்துக்கும் என்னைக் கூப்பிடாதை, ப்ரூக்கன்போஸ்ட் எண்டு ஒண்டு இருக்கு, தமிழிலயும் எழுதலாமாம், அதில எழுது எண்டு சொல்லிப்போட்டு வைச்சிட்டன். அதுக்குப் பிறகு ஒரு நாளும் அவன் கேக்கேல்லை. எல்லாம் சரி வந்திட்டுது எண்டு நினைச்சனான்.”

உள்ளே யாரோ மணி அடித்தார்கள். சுபானி அசையவில்லை.

“அந்த ஏழையும் எனக்கு அனுப்பி விடும், தம்பி,” என்றார். “நான் பதில் போடோணும்.”

ஒவ்வொன்றாக அனுப்பினேன். அவர் அங்கேயே நின்று முதலாவதை வாசிக்கத் தொடங்கினார்.